ஆ காட்டு

எங்கள் சுகாதார நிலையத்தில் என் வேலை சளி பார்ப்பது. ஆளுக்கொரு சின்ன டப்பாவில் காறித் துப்பிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, காசநோய்க் கிருமி இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். தினமும் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து இதைச் செய்கிறேன். இவளுக்கு அருவருப்பே கிடையாது போலிருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்டு. நோயாளிகள் உட்காரும் கூடத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

என் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே உட்கார்ந்திருந்தவளை ஊரே 'ஆ காட்டு அக்கா' என்றுதான் கூப்பிட்டது. காசநோய் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பாதிப் பேர் சாப்பிடுவதில்லை. அதனால் அரசாங்கத்தின் கண்ணெதிரில்தான் விழுங்க வேண்டும் என்று சட்டம். அரசாங்கத்துக்குக் கண் இல்லையே, அதற்காக இவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். மாத்திரையைக் கையில் வைப்பாள், தண்ணீர் கொடுப்பாள், விழுங்குவதைப் பார்ப்பாள். பிறகு "ஆ காட்டு" என்பாள். "நாக்கைத் தூக்கு. இந்தக் கன்னம். அந்தக் கன்னம்." எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "சரி" என்று சொன்னால்தான் எழுந்து போகலாம்.

அதோடு விடமாட்டாள். "நேத்து வீட்டுல என்ன சண்டை?" என்று கேட்பாள். இது அவளே கண்டுபிடித்த வித்தை. வாயில் மாத்திரையை ஒதுக்கி வைத்திருப்பவன் "ஒண்ணுமில்லக்கா" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வான். உண்மையிலேயே விழுங்கியவன்தான் மாமியாரை இழுப்பான், மச்சினனை இழுப்பான், மூச்சு விடாமல் பேசுவான். இதனால் அவளுக்கு ஊரில் உள்ள சண்டை அத்தனையும் அத்துப்படி. தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும்தான்.

சாக்குச் சொல்லி அவளிடம் தப்பியவர்கள் குறைவு. தலை சுற்றுகிறது, வயிறு எரிகிறது, மூத்திரம் சிவப்பாகப் போகிறது, கொழுந்தன் கல்யாணம், எல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. ஒரு மளிகைக்கடைக்காரர், "இந்த மாத்திரை போட்டா ராத்திரியெல்லாம் கெட்ட கனவா வருதுக்கா" என்றார்.

"கனவுல யாரு வர்றா?"

"நீங்கதான்."

"அப்ப கனவுலயும் ஆ காட்டுங்க" என்றாள். நான் தகட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

அவள் இப்படிக் கறாராக ஆனதற்குக் காரணம் அவளுடைய அப்பா. அவருக்கும் இதே நோய்தான். அந்தக் காலத்தில் மாத்திரையை வீட்டுக்கே தருவார்கள். இவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அம்மா ஏற்கெனவே இல்லை. அப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது இவள் வேலை. அவர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிவிட்டு, குளியலறைக்குள் போய்விடுவார். "யார்ட்டயும் சொல்லாத கண்ணு, வயித்தப் பெரட்டுது" என்பார். இவள் சொல்லவில்லை. அப்பாவுக்கும் தனக்கும் ஒரு ரகசியம் இருப்பதில் அவளுக்குப் பெருமைகூட. அவர் இரத்தம் கக்கிச் செத்த பிறகு, குளியலறை ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தபோது, கீழ் ஜன்னலுக்கு மழை படாமல் போட்ட சிமெண்டுப் பலகையின் மேல் மாத்திரைகள் கரைந்து, வெள்ளையும் சிவப்புமாகப் படிந்து கிடந்தனவாம். தங்கை அப்போது தவழ்கிற குழந்தை. அன்றைக்கே இவளுக்குள் ஏதோ இறுகிப் போயிற்று என்று நினைக்கிறேன்.

இன்னொரு காயமும் உண்டு. ஒரு லாரி டிரைவர் இருந்தார். சிரித்த முகம், வாயைத் திறந்தால் தேன். மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச காலத்தில், கண் மங்குகிறது, ஸ்டியரிங் பிடிக்கப் பயமாக இருக்கிறது என்றார். இந்த மருந்துகளில் ஒன்றுக்குக் கண்ணைக் கெடுக்கும் குணம் உண்டுதான். அபூர்வம், ஆனால் உண்டு. அக்கா இரக்கப்பட்டாள், டாக்டரிடம் சொல்லி மருந்தை நிறுத்தி வைத்தாள். மனிதர் அதையே சாக்காக வைத்துக்கொண்டு மொத்தமாக டிமிக்கி கொடுத்துவிட்டார். ஒரு சாயங்காலம் இவள் டீக்கடை வழியாக வரும்போது அவர் கேரம் ஆடிக்கொண்டிருக்கிறார். மூலையில் ஒட்டிக்கிடந்த காயைக் குறி தப்பாமல் குழிக்குள் சுண்டி அனுப்பிவிட்டு, இவளைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. பிற்பாடு அவர் மனைவி என் மேஜைக்கு டப்பாவோடு வந்தாள். அப்புறம் மகள் வந்தாள். மகள் பிழைக்கவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் எங்கள் அதிகாரி எல்லோர் முன்னாலும் அக்காவை எழுந்து நிற்க வைத்தார். "கண்ணு தெரியலன்னா நம்பிடுவியாம்மா? நீ நம்பினதுக்கு ஒரு பொண்ணு போயிடுச்சு." அன்றிலிருந்து புது விதி. கண் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருந்து மாத்திரை கொடுப்பவர் முதலில் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். நிஜம் என்று தோன்றினால் மட்டும் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் கடிதம் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் பார்ப்பார். கடிதம் இல்லாமல் வெளியில் எந்த டாக்டரும் காசநோய்க்காரரைத் தொடக் கூடாது. மருந்தை நிறுத்துகிற அதிகாரம் நோயாளிக்குக் கிடையாது. நிறுத்தினால் கம்பி வார்டு. பெயருக்கேற்ற மாதிரி ஜன்னலிலும் வாசலிலும் கம்பி போட்ட வார்டு அது. உள்ளே போனவர்களைப் பார்க்க வீட்டு ஆட்களையும் விடமாட்டார்கள். கேட்டால், "நீ இருமினா அது உன் உடம்பு மட்டும் இல்ல, ஊரோட உடம்பு" என்பார் அதிகாரி. லாரிக்காரரின் மகளை நினைத்தால் அதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. எரிச்சலே அதுதான்.

தங்கையைச் சின்னவள் என்றே சொல்கிறேன். அக்கா அவளை 'குட்டி' என்பாள். வளர்த்ததெல்லாம் அக்காதான், கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல். இரண்டு பேரும் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தார்கள், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. சின்னவளுக்கு வயர் கம்பெனியில் வேலை. வண்டிகளுக்குள் போகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, எந்தக் கலர் வயர் எந்த ஓட்டையில் போக வேண்டுமோ அதில் செருகி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். அவள் பேசிக்கொண்டே செருகுவாள், சிரித்துக்கொண்டே செருகுவாள். புதிதாக வருகிறவர்களை அவள் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பழக்குவார்களாம். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. என்னை 'சளியக்கா' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான், அதுவே எனக்கு நிலைத்தும் விட்டது.

அவளுக்கு இருமல் நிற்கவில்லை என்று அக்கா ஒருநாள் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். நான் பார்த்தேன். நீலச் சாயத்தின் மேல் சிவப்புச் சிவப்பாகக் கிருமிக் குச்சிகள் கொட்டிக் கிடந்தன. நான் தலையைத் தூக்கவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

"நெறையவா?"

"நெறையடி."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவ விட்ட மாதிரி இவள விடமாட்டேன்" என்றாள். அன்றைக்கே அதிகாரி அறைக்குப் போய் நின்றாள். சொந்தக்காரர்கள் மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது விதி. வேறு ஆள் கையில் தங்கையை விட இவளுக்கு மனசில்லை. யாராவது ஏமாந்துவிடுவார்களோ என்ற பயம்.

"சொந்தக்காரங்க எரக்கப்படுவாங்கம்மா. அதான் வேணாங்கறது" என்றார் அதிகாரி.

"எனக்கு எரக்கம் கெடையாது சார்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, உன் பொறுப்பு. ஒரு வேளை தவறினாலும் அவ கம்பி வார்டுக்குப் போவா. நீ வீட்டுக்குப் போவ" என்று சம்மதித்தார்.

ஆரம்பத்தில் எல்லாம் கலகலப்பாகத்தான் போயிற்று. கம்பெனிக்குப் போகிற வழியில் சின்னவள் வந்துவிடுவாள். நோய் விஷயம் தெரிந்தால் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்பதால் அங்கே மூச்சுவிடவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு வாயை அகலமாகத் திறப்பாள். "நல்லாப் பாரு. தொண்டைக்குக் கீழ உன்மேல இருக்கற பாசம் தெரியுதா?"

"அது தெரியல. காலைல தின்ன ரொட்டிதான் தெரியுது. நாக்கைத் தூக்கு."

"நேத்து வீட்டுல என்ன சண்டைன்னு கேளேன்."

"எனக்கே தெரியுமே, உன்கூடத்தான போட்டேன்" என்பாள் அக்கா. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இருமல் நின்றது. உடம்பு தேறியது. அப்புறம்தான் ஒருநாள் சின்னவள் சொன்னாள். "அக்கா, கண்ணு ஒரு மாதிரி இருக்கு."

தட்டிக்கு அந்தப் பக்கம் டம்ளரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் குரல் பிறகு வந்தபோது அது குட்டியிடம் பேசுகிற குரலாக இல்லை. "என்ன மாதிரி?"

"செவப்பும் பச்சையும் ஒண்ணு போல இருக்கு. நேத்து மாத்திச் செருகிட்டேன். சூப்பர்வைசர் கத்தினான். நேராப் பாத்தா நடுவுல பொகையாட்டம் மறையுது. ஓரமாப் பாத்தா பரவால்ல."

"தூங்கறது கெடையாது. செல்போனப் பாத்துக்கிட்டே கெடக்குற. அதான்."

"போனே படிக்க முடியலக்கா."

"மாத்திரையப் போடு."

சின்னவள் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். கடைக்காரர் எழுத்துகளைக் காட்டியிருக்கிறார், விதவிதமாகக் கண்ணாடி வில்லைகளை மாட்டியிருக்கிறார், எதற்கும் சரிவரவில்லை. ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "அய்யோ, அதுக்கு ஆபீஸ் லெட்டர் வேணும்மா. இல்லாம பாத்தா என் கடைய இழுத்து மூடிடுவாங்க" என்று அனுப்பிவிட்டார். அவள் அக்காவிடம் வந்து கடிதம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாள். ஒரு நாள் கேட்டாள், மறுநாளும் கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள்.

அக்கா தன் கடமைப்படி சோதித்தாள். வீட்டில் வைத்துத்தான். அவளே பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னது இது. சமையல்கட்டில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். "இது மூடி என்ன கலரு?" "பச்சை." "இது?" "மஞ்சள்." "இந்தக் கொடை?" "செவப்பு." எல்லாம் சரி.

"எல்லாம் பட்டுப்பட்டுன்னு சொல்றாடி. திருட்டுக் கழுத. என்கிட்டயேவா" என்றாள் என்னிடம்.

கேளுங்கள், அந்த டப்பாக்கள் அந்தச் சமையல்கட்டில் எத்தனையோ வருஷமாக இருப்பவை. அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவள் பள்ளிக்கூடம் போனாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் சொல்லியிருப்பாள். அதை அவளும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "செவப்புன்னு தெரியும்க்கா. ஆனா இப்ப செவப்பாத் தெரியல." அக்கா அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். அப்பா கண் சிமிட்டியதையும், லாரிக்காரர் கேரம் காயைச் சுண்டியதையும் பார்த்தவள் அவள். கடையில் போய் சின்னவளுக்குத் தெரியாத ஒரு பொருளை வாங்கி வந்து காட்டலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கவே பழகிப்போனவளுக்கு உண்மையைச் சோதிக்கத் தெரியவில்லை.

ஒருநாள் சின்னவள் வரவில்லை. அன்றைக்குக் காலையில் அவள் மாத்திரை போடவில்லை, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். மத்தியானத்துக்குள் ஆள் அனுப்பி அவளை அதிகாரி அறைக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அந்த அறை என் அறைக்கு மறுபக்கம். அதற்கும் நடுவில் தட்டிதான். எங்கள் கட்டடத்தில் சுவர் என்று ஏதாவது இருந்தால் அது வெளிச்சுவர் மட்டும்தான்.

"ஏம்மா வரல?" என்றார் அதிகாரி.

"கண்ணு போகுது சார். எனக்கு இந்த மருந்து வேணாம். என் ஒடம்பு, எனக்கு வேணாம்."

"அதெல்லாம் நீ சொல்ல முடியாது. முகத்தப் பாத்துப் பேசு."

"பாத்துத்தான் சார் பேசறேன்."

"செவத்தப் பாத்துப் பேசிட்டு, பாத்துத்தான் பேசறேங்கற." அவர் குரல் ஏறியது. பிறகு அக்காவிடம் திரும்பியிருக்க வேண்டும். "நீ சொல்லும்மா. நீதான கூடவே இருக்க. கண்ணு நெசமாவே போகுதா? போகுதுன்னு நீ சொன்னா இப்பவே லெட்டர் தர்றேன். அப்புறம் முன்ன மாதிரி ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

நான் கையில் தகட்டைப் பிடித்தபடி நின்றேன். சின்னவள் "அக்கா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"நான் சோதிச்சுட்டேன் சார். எல்லாக் கலரும் சொல்றா."

"அப்ப சரி. இனிமே ஒழுங்கா வருவேன்னு இதுல கையெழுத்துப் போடச் சொல்லு."

நாற்காலி நகர்ந்தது. பேனா கிறுக்கும் சத்தம். அப்புறம் அதிகாரி மேஜையில் ஓங்கித் தட்டினார். "கோடு போட்டுக் காட்டியிருக்கு, மேஜ மேல போடறா கையெழுத்து. எவ்வளவு திமிரு பாத்தியா உன் தங்கச்சிக்கு? பேசாம கம்பி வார்டுக்கே எழுதிடவா?"

"வேணாம் சார். நான் பாத்துக்கறேன் சார்" என்றாள் அக்கா. அவள் அழுதது அப்போது ஒரு தடவைதான். தங்கையின் கையைப் பிடித்து, பேனாவைக் கோட்டின் மேல் வைத்து, கையெழுத்தைப் போட வைத்தாள். விட்டுப்போன காலை மாத்திரையையும் அங்கேயே விழுங்க வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த காலைகளில் நான் தட்டியோரமாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். சின்னவள் வாயை இறுக மூடிக்கொள்வாள். அக்கா மூக்கைப் பிடிப்பாள். மூச்சுக்காக வாய் திறந்ததும் மாத்திரை உள்ளே போகும், தண்ணீர் போகும், பாதி சட்டையில் கொட்டும். நாற்காலிக் கால் தரையில் இழுபடும். இருமல் அடங்கியதும் அதே குரல். "ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. அந்தக் கன்னம்." பிறகு, "பேசு. நேத்து வீட்டுல என்ன சண்டை?"

"நேத்து வீட்டுல என் அக்கா இல்ல" என்றாள் சின்னவள் ஒருநாள். "வேற யாரோ இருந்தாங்க."

"சரி" என்றாள் அக்கா. எழுந்து போகலாம் என்பதற்கான சரி.

நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏண்டி, பெத்த பிள்ளை மாதிரி வளத்தவள இப்படிப் பண்ணுவாங்களா?"

"பெத்த பிள்ளையா இருந்தா இன்னும் அழுத்திப் புடிப்பேன். அப்பா சாகறப்ப எவ்வளவு ரத்தம் வந்துச்சுன்னு நீ பாத்தியா? நான்தான் தொடச்சேன்" என்றாள்.

கொஞ்ச நாளில் சண்டையும் நின்றுபோயிற்று. சின்னவள் சாதுவாகிவிட்டாள். வருவாள், உட்காருவாள், கையை நீட்டுவாள். வயர் கம்பெனியில் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஒரு கட்டு வயர் முழுவதையும் தப்பும் தவறுமாகச் செருகி வைத்தாளாம். "வேலைக்குப் போகாம இருக்கறதுக்கும் இந்தக் கண்ணுதான் சாக்கு" என்றாள் அக்கா. ஆனால் அடங்கிவிட்டதில் அவளுக்கு நிம்மதி. சின்னவளுடைய டப்பா என் மேஜைக்கு வந்தபோது நான் இண்டு இடுக்கு விடாமல் பார்த்தேன். ஒரு குச்சிகூட இல்லை. அந்த நீலத்தைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போய்ச் சொன்னேன். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

முடிக்கிற நாளும் வந்தது. முந்தின நாளே கடைசி வேளை மாத்திரை முடிந்துவிட்டது. சின்னவளுக்கு அக்கா அதைச் சொல்லவில்லை, வழக்கம்போல வரச் சொல்லியிருந்தாள். ஒரு விளையாட்டுக் காட்டப் போகிறேன், நீயும் வந்து பார் என்று என்னையும் கூப்பிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. மேஜை டிராயரில் கேக் ஒன்று வாங்கி ஒளித்து வைத்திருந்தாள். நான் வாசல் பக்கம் சாய்ந்து நின்றுகொண்டேன்.

சின்னவள் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டாள். அக்கா வெறும் கையை விரித்து அவள் முன்னால் நீட்டினாள். "இந்தாடி குட்டி, கடேசி மாத்திரை."

வெறும் கை. அதில் ஒன்றும் இல்லை. சின்னவள் நிமிர்ந்து பார்த்து, "ஏமாத்துறியா?" என்று கேட்க வேண்டும், மூன்று பேரும் சிரிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

சின்னவள் அக்காவின் உள்ளங்கையில் விரலை வைத்தாள். நடுவில் தடவினாள். விரல் இடுக்குகளில் தடவினாள். மணிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்ப வந்தாள். அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. தடவத் தடவ அந்த முகத்தில் இரத்தம் வற்றியது. சட்டென்று நாற்காலியிலிருந்து இறங்கி முட்டி போட்டுத் தரையைத் துழாவ ஆரம்பித்தாள். மேஜைக்கு அடியில், அக்காவின் செருப்பைச் சுற்றி, இரண்டு கையாலும்.

"கீழ விழுந்துடுச்சுக்கா. நான் தட்டி விடலக்கா, சத்தியமா. தேடிக் குடுத்துடறேன். ஆபீசர்கிட்ட சொல்லாத. போட்டுக்கறேன். கம்பி வார்டு வேணாம், போட்டுக்கறேன்."

அக்கா கையை நீட்டியபடியே இருந்தாள். மடக்கத் தோன்றவில்லை அவளுக்கு. நான்தான் போய்ச் சின்னவளைத் தூக்கினேன். "மாத்திரை இல்லடி. முடிஞ்சுபோச்சு" என்றேன். "தூசி கெடந்தாலும் பரவால்ல, குடு, முழுங்கிடறேன்" என்றாள் என்னிடம். நான் யார் என்று குரலை வைத்துத்தான் அவள் கண்டுபிடித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேக் டிராயரிலேயே கிடந்து எறும்பு மொய்த்தது.

அன்றைக்கே கடிதம் கிடைத்தது. கேட்டதும் அதிகாரி கொடுத்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, முன்னாடியே அந்த ஒரு மருந்தை நிறுத்தியிருந்தால் பார்வை திரும்பியிருக்கக்கூடும், மற்ற மருந்துகளை வைத்தே நோயையும் குணப்படுத்தியிருக்கலாம், இனி நரம்பு உயிர் பெறாது என்றாராம். "கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலயா?" என்று கேட்டாராம். அக்காதான் கூடப் போயிருந்தாள். என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அதிகாரி அசைந்துகொடுக்கவில்லை. அவரிடம் பதில் தயாராக இருந்தது. "நான் கேட்டேனே. எல்லாக் கலரும் சொல்றான்னு உன் வாயாலதான சொன்ன?" அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. காசநோய் குணமானதா இல்லையா என்றுதான் மேலிடம் கேட்கும். குணமாகிவிட்டது. ஒரு வேளைகூட மருந்து வீணாகாமல் பார்த்துக்கொண்டதற்காக வருஷ விழாவில் அக்காவுக்குச் சால்வை போர்த்தினார்கள். சின்னவளையும் மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். போட்டோக்காரர் "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் படம்தான் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. 'இவர் முழுமையாகக் குணமடைந்தார். நீங்களும் குணமடையலாம்' என்று கீழே பெரிதாகப் போட்டிருக்கிறது. படத்தில் சின்னவள் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்கிறாள். நாணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அக்கா இன்னும் வேலைக்கு வருகிறாள். அதே நாற்காலி, அதே டம்ளர். நேற்று என்ன சண்டை என்று மட்டும் யாரையும் கேட்பதில்லை. போன மாதம் தையல்காரர் ஒருவர் கண் கூசுகிறது என்றார். இவள் எழுந்து விறுவிறுவென்று அதிகாரி அறைக்குப் போய்க் கடிதம் கேட்டாள். சோதித்தாயா என்றார். சோதிக்க மாட்டேன் என்றாள். "அப்ப லெட்டர் கெடையாது" என்று அனுப்பிவிட்டார். அந்தத் தையல்காரரின் கதை என்னவாகும் என்று தெரியவில்லை.

நான் ஒரு சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் எங்கள் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளே நாற்காலி நகர்ந்தது. அக்கா பூட்டைத் திறந்தாள். சின்னவள் அறை நடுவில் நாற்காலியைப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள், முகம் எங்கள் பக்கம். வாயை அகலமாகத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். விரலால் ஒரு கன்னத்தை இழுத்துக் காட்டினாள், பிறகு மற்றதை. அப்படியே அசையாமல் இருந்தாள்.

"தெனமும் இதாண்டி" என்றாள் அக்கா என்னிடம், தாழ்ந்த குரலில். பையைக் கீழே வைத்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து தங்கையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள். அவள் "சரி" என்று சொல்லும்வரை சின்னவள் வாயை மூடவில்லை.